அரங்கு தேடிய கலைஞர்

நூலை ஆக்குதல் புலவன் தொழில். அதனை ஏற்றல் அவையின் தொழில். முற்காலத்து நம் முன்னோர் நூல் முடிந்ததும் ஏட்டைக் கட்டி வைத்துவிட்டு அமைந்தாரல்லர். அறிவுடையோர் கூடிய சபையிலே அதனைப் படித்துப் பொருள் விரித்து, எழுந்த தடைகளுக்கு விடையிறுத்த பின்னரே நூல் உலகில் உலாவத் தொடங்கியது. கச்சியப்ப சிவாசாரியார் குமரகோட்டத்திலே கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது முதற் செய்யுளின் புணர்ச்சிக்கே விதி கேட்டு அவை தடுத்தது என்னும் வரலாறு, புராணபடனம் கேட்டு வளர்ந்த நம்மவர் எவருக்கும் புதிதன்று.

இக்காலக் கலையாகிய சினிமாவுக்கும் அத்தகைய அரங்கேற்றக் களங்கள் உண்டு. சர்வதேசத் திரைப்பட விழாக்கள் என்று அவற்றைக் கூறுகின்றனர். வெனிஸ் நகர விழா 1932இலும், பிரான்சு தேசத்துக் கான் நகர விழா 1946இலும், பேர்லின் நகர விழா 1951இலும் தொடங்கின. பெருமுதலாளிகளின் துணையோடு ஆக்கப்படும் படத்துக்கு இவ்விழா மேலும் ஓர் அணிகலன், அவ்வளவே. அது விழாவுக்குப் போகாவிடினும் ஊர்தோறும் ஓடும். தனியொருவர் தம் கைப்பொருளை விற்று எடுத்த படத்தின் நிலை வேறு. விழா அரங்கிலே நான்கு பேர் கண்டு நாற்பது பேருக்குச் சொன்னால் அது பிழைக்கும். இன்றேல் தகரப் பெட்டிக்குள்ளேயே மடியும். அங்ஙனம் வந்த படம் அரங்கேறும் வேளையிலே அவையோர் விருந்துண்ணப் போய்விட்டால் யாது செய்வது? 1956ஆம் ஆண்டு கான் நகரில் அதுவே நிகழ்ந்தது. அன்று ஒருசிலர் முன்னிலையில் ஓடிய படத்தை ஆக்கியவர் வங்காளத்துச் சத்தியஜித் ராய்.

ராய் 1921ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் கல்கத்தாவிலே பிறந்தார். அவர் பிறந்த குடி கலைக்குடி. பாட்டனார் உபேந்திரகிஷோர் எழுத்தாளர், ஓவியர், இசைவல்லார். யாவற்றிலும் மேலாக அச்சுக்கலை நிபுணர். படங்களை அச்சிற் பதிக்கும் முறைபற்றி அவர் எழுதிய கட்டுரைகளை இங்கிலாந்து அச்சுக்கலைஞரும் மதித்துப் படித்தனர். 1913இலே சிறுவர்க்கெனச் ‘சந்தேஷ்’ என்னும் சஞ்சிகையை நிறுவியவரும் அவரே. தந்தையார் சுகுமார் ராய் வங்கச் சிறுவரெல்லாம் இன்றும் பாடிச் சிரிக்கும் நகைச்சுவைப் பாட்டுக்களை இயற்றியவர். அவர் காலா அசார் என்னும் கொடிய காய்ச்சலினால் 1923இலே, முப்பத்தைந்து வயதில் இறந்தார். மைந்தருக்கு அப்பொழுது மூன்று வயதும் நிரம்பவில்லை. சின்னாளில் அச்சகமும் நொடித்துப்போகத் தாயார் சுப்பிரபா குழந்தையோடு தமையன் வீட்டை அடைந்தார். விதவைகளுக்கான பாடசாலையொன்றிலே தையல் கற்பித்துத் தம் மகனை ஆளாக்கினார். அவ்வன்னையை நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஒருமுறை அவர் இக்கதைக்குள் வருவார்.

பிரசிடென்சிக் கல்லூரியிலே பொருளியல் படித்த ராயைச் சாந்திநிகேதனத்துக்கு அனுப்பியவரும் தாயாரே. தாகூரின் நிழலிலே மகன் சிலகாலம் இருத்தல் வேண்டும் என்பது அவர் விருப்பம். அங்கே நந்தலால் போசு, விநோத் பிஹாரி முகர்ஜி என்னும் ஓவியப் பேராசான்களிடம் ராய் பயின்றார். பட்டம் பெறும்வரை தங்கினாரல்லர். ஆயினும், அஜந்தாவும் எல்லோராவும் கண்டு, நம் நாட்டு மரமும் மண்ணும் மனிதர் முகமும் ஓவியனுக்குப் போதிய பொருளாம் என்னும் தெளிவோடு 1942இன் முடிவில் வீடு திரும்பினார்.

அடுத்த ஆண்டிலே கல்கத்தாவில் இருந்த ஆங்கிலேய விளம்பரத் தாபனம் ஒன்றிலே மாதம் 80 ரூபா சம்பளத்துக்குச் சித்திரக்காரராக அமர்ந்தார். சிக்னெட் என்னும் பதிப்பகத்துக்குப் புத்தக அட்டைகளும் வரைந்தார். அப்பதிப்பகம் விபூதிபூஷண் வந்தியோபாத்தியாயரின் ‘பதேர் பாஞ்சாலி’ என்னும் நாவலைச் சிறுவர்க்காகச் சுருக்கி வெளியிட்டபோது, அதற்குச் சித்திரம் வரையும் பணி ராயிடம் வந்தது. வறிய அந்தணக் குடும்பம் ஒன்று, அக்கா துர்க்கா, தம்பி அபு, கூனிய முதுகோடு ஒரு கிழவி, மூங்கிற்காடு, தூரத்திலே புகைவண்டி: இவற்றை வரைந்த கை பின்னர் இவற்றையே திரையிலும் வரைய முற்பட்டது. பாஞ்சாலி என்பது இங்கே திரௌபதியைக் குறித்ததன்று. வங்கநாட்டிலே கதைபொதி பாட்டு வகையொன்றுக்கு அப்பெயர். ஆகவே ‘வழிப்பாட்டு’ என்று நாம் அந்நூற்பெயரைக் கொள்ளலாம்.

1947இலே ராய் தம் நண்பர் சிதானந்த தாசுகுப்தர் முதலியோரோடு கல்கத்தாத் திரைப்படச் சங்கத்தை நிறுவினார். நல்ல பிறநாட்டுப் படங்களைத் தருவித்துக் கண்டு, விவாதித்து, எழுதுவதே அச்சங்கத்தின் வேலை. பாட்டும் கூத்தும் அழுகையும் சரிபாதியாகக் கலந்த படங்களே பெருகிய அக்காலத்திலே இஃதோர் அவை தோற்றுவிக்கும் முயற்சி. படம் எடுக்குமுன் படம் காணப் பழகவேண்டும் என்று ராய் கருதினார் போலும். 1949இலே பிரெஞ்சு நெறியாளர் ஜான் ரெனுவார் ‘நதி’ என்னும் படத்துக்கு இடம் தேடிக் கல்கத்தா வந்தபோது, ராய் அவரோடு கிராமங்களிலே சுற்றினார். தம் மனத்திருந்த கதையை அவரிடம் சொல்லி ஊக்கம் பெற்றார். விஜயா அம்மையாரை மணம் செய்ததும் அவ்வாண்டிலேயே. 1950இலே தாபனத்தார் அவரை இலண்டனுக்கு அனுப்பினர். அங்கிருந்த சில மாதங்களுள் ஏறத்தாழ நூறு படங்கள் பார்த்தார். அவற்றுள் இத்தாலிய நெறியாளர் டி சிக்காவின் ‘சைக்கிள் திருடர்’ அவரை ஆட்கொண்டது. தொழிலாளி ஒருவனின் சைக்கிள் களவுபோகிறது. அவனும் மகனும் தெருத்தெருவாக அதனைத் தேடுகின்றனர். இதுவே கதை. நடித்தோர் நடிகரல்லர், காட்சிசாலை உரோமாபுரித் தெரு. இங்ஙனமும் படம் எடுக்கலாமெனில் வங்காளத்து வீதியிலும் எடுக்கலாம் அன்றோ? திரும்பிவந்த கப்பலிலேயே திட்டம் உருவாயிற்று.

1952 ஜனவரியிலே இந்தியாவின் முதற் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயிலே தொடங்கிப் பிற நகரங்களுக்கும் சென்றது. இத்தாலியப் படங்களை இலண்டன் போகாத இந்தியக் கலைஞர் பலர் முதன்முதல் கண்டது அவ்விழாவிலேதான். ராய் கொண்ட உறுதி இன்னும் வலிதாயிற்று. அதே ஆண்டு ஒக்டோபர் 27ஆம் நாள், ஒரு விடுமுறை நாளிலே, அவர் படப்பிடிப்பைத் தொடங்கினார். உத்தியோகத்தை விடவில்லை, ஓய்வு நாட்களிலேயே வேலை. ஒளிப்பதிவாளர் சுப்பிரத மித்திரர் இருபத்தொரு வயது இளைஞர். சினிமாக் கருவியை அதற்கு முன் இயக்கியறியாதவர். நெறியாளரும் ஒரு காட்சியேனும் முன்பு நெறிப்படுத்தியவரல்லர். எழுதிய திரைக்கதை என்று ஒன்று இல்லை. ஓவியங்கள் நிறைந்த ஒரு கொப்பி இருந்தது.

முதல்நாள் எடுத்தது நாணற்பூ வெளியிலே அபுவும் துர்க்காவும் வரும் காட்சி. அடுத்த விடுமுறையிலே மிகுதியை எடுக்கப் போனபோது வெளியிலே ஒரு பூவும் இல்லை. இடையிலே மாடுகள் புகுந்து முழுவதையும் மேய்ந்துவிட்டன. செல்வந்தர் எடுக்கும் படமாயின் கடதாசிப் பூ நட்டிருப்பர். ராய் அடுத்த பருவத்துக்குக் காத்திருந்தார். காத்திருத்தலே அப்படத்தின் இலக்கணம் என்று சொல்லத் தோன்றுகிறது. காசு தீரும், வேலை நிற்கும், காசு கிடைக்கும், மீண்டும் தொடரும். காப்புறுதிப் பத்திரத்தின்மேற் கடன் வாங்கினார். தாம் அரிதிற் சேர்த்த இசைத்தட்டுக்களையும் புத்தகங்களையும் விற்றார். விஜயா அம்மையாரின் நகைகள் ஈடு சென்றன. தயாரிப்பாளர்களிடம் கொப்பியைக் காட்டியபோது, பாட்டில்லாத படத்தை யார் பார்ப்பார் என்று கைவிரித்தனர். ஏறத்தாழ ஓராண்டு வேலை முற்றாக நின்றது. அக்காலத்திலே ராயை வாட்டிய அச்சங்கள் மூன்று. அபுவாக நடித்த சிறுவனின் குரல் உடைந்துவிடுமோ, துர்க்காவாக நடித்த சிறுமி வளர்ந்துவிடுவாளோ, கிழவியாக நடித்த சுனிபாலா தேவி இறந்துவிடுவாரோ என்பன அவை. பழைய நாடகமேடை நடிகையாகிய அவ்வம்மையார் எண்பது வயதை அணுகியவர். எல்லோராலும் மறக்கப்பட்டு வாழ்ந்தவர். மூன்றில் ஒன்றும் நிகழாதது வங்கத்தின் பேறு.

அந்நிலையிலேதான் தாயார் சுப்பிரபா மீண்டும் வருகின்றார். தமக்கு அறிமுகமான ஒருவர் மூலமாக மேற்கு வங்க முதலமைச்சர் டொக்டர் விதான் சந்திர ராயிடம் மகனின் படச்செய்தியைக் கொண்டுசேர்த்தார். அரசு பணம் தர இசைந்தது. பெயரைக் கேட்ட அதிகாரிகள் இது வீதியைப் பற்றிய படம் என்று கருதினர் போலும். வீதி அபிவிருத்திக் கணக்கிலே அக்கடன் பதியப்பட்டது! கிராமத்தை விட்டுக் குடும்பம் வெளியேறும் முடிவு அரசுக்கு உகந்ததன்று, கிராம முன்னேற்றத் திட்டத்தினால் அவர்கள் வாழ்வு மலர்வதாக முடிக்கலாகாதோ என்ற யோசனையும் எழுந்தது. ராய் இசையவில்லை. காசு கொடுத்தவர் கதையைத் திருத்த முனைவது புதிதன்று. கையிலே காசில்லாதவர் அதற்கு இணங்காமல் நிற்பதே அரிது.

அரங்கின் முதற் கதவு எதிர்பாராத திசையிலிருந்து திறந்தது. 1954இலே நியூயோர்க் நவீன கலை நூதனசாலையைச் சேர்ந்த மன்றோ வீலர் இந்தியக் கலைக் கண்காட்சிக்குப் பொருள் தேடிக் கல்கத்தா வந்தார். முற்றுப்பெறாத படத்தின் சில நிழற்படங்களைக் கண்டு, கண்காட்சிக்கு இதனையும் அனுப்பவேண்டும் என்றார். பின்னர் அமெரிக்க நெறியாளர் ஜோன் ஹூஸ்டன் வேறொரு படத்துக்கு இடம் பார்க்க வந்தவர், ஒலி சேர்க்காத சில பகுதிகளைப் பார்த்து நியூயோர்க்குக்கு நற்சான்று சொன்னார். நாள் குறிக்கப்பட்டது. அதன்பின் ஓட்டமே ஓட்டம். பண்டிதர் ரவிசங்கர் படத்தின் ஒரு பகுதியை மாத்திரமே பார்த்து, ஓர் இரவு முழுவதும் ஏறத்தாழப் பதினொரு மணிநேரம் இருந்து பின்னணி இசையை முடித்துக் கொடுத்தார். படத்தொகுப்பாளர் துலால் தத்தரும் ராயும் பல நாட்கள் இரவுபகலாக உறங்காது வேலை செய்தனர். படச்சுருள் விமானமேறியபோது அதிலே ஆங்கில மொழிபெயர்ப்பு வரிகள் இல்லை. 1955 மே 3ஆம் நாள், வங்கமொழி அறியாத அமெரிக்கர் முன்னிலையிலே ‘பதேர் பாஞ்சாலி’ அரங்கேறியது. மொழி விளங்காமலே அவர்கள் அதனை வரவேற்றனர்.

ஆயினும், பிறர் நாட்டிற் பெற்ற வரவேற்புச் சொந்த ஊருக்கு ஆகாது. கல்கத்தாவிலே விளம்பரத் துறையினரின் கூட்டமொன்றில் படம் காட்டப்பட்டபோது சபை அசையவில்லை. ராய் மனம் சோர்ந்தார். ஓகஸ்ட் 26ஆம் நாள் வசுஸ்ரீ என்னும் படமாளிகையிலே வெளியிட்டபோதும் முதல் நாட்களிலே கூட்டமில்லை. பின்னர் கண்டவர் காணாதவருக்குச் சொல்ல, இரண்டு கிழமைக்குள் மாளிகை நிரம்பி வழிந்தது. அந்த வேளையிலே இடத்தை விடவேண்டியதாயிற்று. அப்படமாளிகை வேறொரு படத்துக்கு ஏலவே பேசப்பட்டிருந்தது. அது நம் தமிழருக்கு நன்கு தெரிந்த ஆனந்த விகடன் எஸ். எஸ். வாசன் அவர்களின் ‘இன்சானியத்’ என்னும் இந்திப் படம். ஹொலிவூட்டிலிருந்து தருவித்த சிம்பன்சிக் குரங்கொன்றும் அதில் நடித்தது. நாளைத் தள்ளிவைக்கும்படி ராய் வேண்ட, வாசன் மறுத்துவிட்டார். பின்னர் வாசன் படத்தைப் பார்த்தார். பார்த்தவர் ராயின் வீடு தேடிச் சென்று, இது இன்ன படமென்று அறிந்திருந்தால் தம் படத்தைத் தள்ளிவைத்திருப்பேன் என்ற கருத்துப்பட உருகிச் சொன்னாராம். இது ராயே நினைவுகூர்ந்த செய்தி. வியாபாரிக்குள்ளும் இரசிகன் இருந்தான். ஆனால், ஒப்பந்தம் முடிந்த பின்னரே விழித்தான். நல்ல வேளையாகப் படம் வேறொரு மாளிகையிலே மேலும் ஏழு கிழமை ஓடியது. ஆகவே, ராயை வெளிநாட்டார் கண்டுபிடித்தனர் என்று கூறுவோர் பாதி உண்மையே கூறுகின்றனர். கான் நகருக்கு முன்னரே வங்கத்துப் பொதுமக்கள் தம் காசு கொடுத்து அவரை ஏற்றுக்கொண்டனர்.

கான் நகருக்கு அதனை அனுப்புவதற்கும் தடை எழுந்தது. இந்தியாவின் வறுமையை உலகத்தாருக்குக் காட்டுவதா என்று அரசாங்கத்திலே சிலர் முணுமுணுத்தனர். பிரதமர் நேரு படத்தைக் கண்டு, போகட்டும் என்றார். 1956ஆம் ஆண்டு விழாவின் கடைசி நாட்களில் அதன் முறை வந்தது. அதே நேரத்திலே யப்பானியப் பிரதிநிதிகள் விருந்தொன்று அளித்தனர். இந்தியப் படமா, பாட்டும் அழுகையும் ஆயிருக்கும் என்று எண்ணிய விமரிசகர் பலர் விருந்தையே நாடினர். அரங்கிலே இருந்த ஒருசிலர் திகைத்துப்போயினர். அவர்களுள் ஆங்கிலேயர் லிண்ட்சே ஆண்டர்சன் முதலியோர், நடுவர்களும் பிறரும் இதனைக் காணவேண்டும், மறுமுறை காட்டுக என்று வற்புறுத்தினர். மறுகாட்சி நடந்தது. அவ்வாண்டின் தலைமைப் பரிசு கடலடி உலகைக் காட்டிய ஒரு பிரெஞ்சுப் படத்துக்குச் சென்றது. ராயின் படத்துக்கு, மிகச் சிறந்த மனித ஆவணம் என்னும் தனிப்பரிசு வழங்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியை ராயின் வெற்றியாகவே எல்லோரும் எழுதுவர். அவையின் வெற்றி தோல்வியாகவும் அதனை எண்ணிப்பார்த்தல் தகும். அன்று விருந்துக்குப் போகாதிருந்த அந்தச் சிலர் இல்லையாயின் மறுகாட்சி ஏது? அத்தகைய சிலர் வாய்க்காத கலைஞரும் உளர். ராயின் காலத்தவரும் பெருங் கலைஞருமாகிய ரித்விக் கட்டக் தமது முதற்படமாகிய ‘நாகரிக்’ என்பதை 1952இலேயே, பதேர் பாஞ்சாலிக்கு மூன்றாண்டு முன்னரே, எடுத்து முடித்தார். அதற்கு ஒரு படமாளிகையும் கிடைக்கவில்லை. கட்டக் 1976இலே இறந்தார். படம் 1977இலே வெளிவந்தது. ஆக்கியோன் கண்ணாற் காணாத அரங்கேற்றம் அது.

கதை தொடர்ந்தது. அபுவின் பிற்கதையை ‘அபராஜிதோ’ எனப் படமாக்கி 1956இலே ராய் வெளியிட்டார். வளர்ந்த மகன் படிப்பை நாடித் தாயை விட்டுச் சிறிது சிறிதாக விலகுவதும், அவள் தனிமையிலே வாடி இறப்பதும் அதிலே ஒளிவின்றிக் காட்டப்பட்டன. கல்கத்தாச் சனங்கள் அதனை விரும்பவில்லை. மகன் தாயைப் புறக்கணிப்பதாவது என்று முகம் சுளித்தனர் போலும். ஆசிரியத் தொழிலிலே ஊறிய நாம், ஊரிலிருந்து நகரக் கல்லூரிக்குப் போன பிள்ளைகளின் வீட்டு வாசல்களை அறிவோம்; ராய் காட்டியதிலே மிகையில்லை. அப்படத்திலே காசி நகர வீடொன்றின் முற்றத்தைக் காட்சிசாலைக்குள் அமைத்து, விளக்கொளியை நேரே பாய்ச்சாமல் மேலே விரித்த வெள்ளைத் துணியிலே பட்டுத் தெறிக்கச் செய்தார் மித்திரர். வானத்திலிருந்து இறங்கும் பகலொளியென்றே அது தோன்றிற்று. இம்முறை பின்னர் பலரும் கைக்கொண்டது. 1957இலே வெனிஸ் விழாவிலே, அகிரா குரோசாவா, விஸ்கொந்தி முதலிய பெரியோர் படங்களோடு போட்டியிட்டு ‘அபராஜிதோ’ பொற்சிங்கப் பரிசை வென்றது. உள்ளூரிலே தோற்ற படம் உலக அரங்கிலே முதலிடம் பெற்றது. முதற்படத்தின் வரலாற்றைத் தலைகீழாக்கியது போன்ற நிகழ்ச்சி இது. ஊரவையோ உலகவையோ ஒன்றுமட்டும் என்றும் சரியாய் இருந்ததில்லை.

விளம்பரத் தாபனத்து உத்தியோகத்தை அவர் துறந்து முழுநேரக் கலைஞரானது இக்காலத்திலேயே. 1958இலே நியூயோர்க் படமாளிகையொன்றிலே பதேர் பாஞ்சாலி எட்டு மாதம் ஓடியது. வீதிக் கணக்கிலே கொடுத்த கடன் அரசுக்கு இலாபத்தோடு மீண்டது. 1959இலே ‘அபூர் சன்சார்’ வெளிவர அபுவின் முத்தொடர் நிறைவெய்தியது. பேர்லின் விழா 1964இலும் 1965இலும் அடுத்தடுத்து அவருக்குச் சிறந்த நெறியாளர் பரிசை அளித்தது. ‘மகாநகர்’, ‘சாருலதா’ என்பன அப்படங்கள். 1943ஆம் ஆண்டு வங்கப் பெரும் பஞ்சத்தைப் பொருளாகக் கொண்ட ‘அசனி சங்கேத்’ 1973இலே அங்கே பொற்கரடிப் பரிசு பெற்றது. அதன் மூலக்கதையும் விபூதிபூஷணருடையதே. பரிசுகளை இனியும் அடுக்கின் அது வாழ்க்கை வரலாறாகாது, பட்டியலாகும்.

இலங்கையராகிய நாம் சிறப்பாக நினைத்தற்குரிய ஒரு செய்தி உண்டு. சிங்களப் படங்கள் பெரும்பாலும் தென்னிந்தியக் காட்சிசாலைகளிலே எடுக்கப்பட்டுவந்த காலத்திலே, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அரசாங்கத் திரைப்படப் பிரிவை விட்டு விலகி, வில்லியம் பிளேக், டைட்டஸ் தொடவத்தை என்னும் நண்பர்களோடு கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்குப் போனார். 1956இலே வெளிவந்த ‘ரேகாவ’ அடுத்த ஆண்டு கான் விழாவிலே போட்டிக்கு நின்றது. ராய் சென்ற வழியிலே ஓராண்டு பின்னாக நம் தீவினது படமும் சென்றது. பின்னர் மார்ட்டின் விக்கிரமசிங்கரின் ‘கம்பெரலிய’ என்னும் நாவலை அவர் 1963இலே படமாக்கினார். தென்னிலங்கைக் கிராமத்துப் பழங்குடி ஒன்று காலமாற்றத்திலே தளர்ந்து நலிவதே அதன் பொருள். 1965 ஜனவரியிலே புதுதில்லியிலே நடந்த இந்தியாவின் மூன்றாவது சர்வதேச விழா முதன்முறையாகப் போட்டி விழாவாக அமைந்தது. நடுவர் குழுவின் தலைவர் சத்தியஜித் ராய். பொன்மயிற் பரிசு ‘கம்பெரலிய’வுக்கு வழங்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பிறர் அவையிலே தம் படம் யாராற் பார்க்கப்படுமோ என்ற நிலையில் இருந்தவர், இப்பொழுது தாமே அவைத்தலைவராய் அமர்ந்தார். அயல்நாட்டுச் சிற்றூர்க் கதையொன்று அவ்வவையிலே முடிசூடியது. நடுவர் அறையிலே நிகழ்ந்த வாதங்களை நாம் அறியோம். ஆயினும், தலைமை வகித்தவர் விருந்துக்குப் போகாத வகையினர் என்பதிலே ஐயமில்லை.

ராய்மேற் சுமத்தப்பட்ட குற்றம் ஒன்றை விடாது கூறவேண்டும். 1980இலே இந்திய மேற்சபை உறுப்பினராயிருந்த நடிகை நர்கிஸ், ராய் இந்தியாவின் வறுமையை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்து புகழ் தேடினார் என்ற கருத்தை வெளியிட்டார். இதே முணுமுணுப்பு 1956இலும் எழுந்தது என்பதை மேலே கண்டோம். விழாக்களுக்காகவே படம் எடுப்பவர்கள் உண்டு என்பதை நாமும் மறுக்கவில்லை. அயலவர் விரும்பும் அழுக்கை அளந்து பூசும் கைவன்மை இன்று பெருகியிருக்கிறது. ஆனால், அவ்வளவுகோல் ராய்க்குப் பொருந்தாது. அவர் படங்களிலே மிகப் பெரும்பாலானவை வங்கமொழியில், வங்கத்தவருக்கென எடுக்கப்பட்டவை. பாட்டனார் எழுதிய கதையைக் கொண்டு அவர் ஆக்கிய ‘கூபி காயின் பாகா பாயின்’ என்னும் இசைப்படம் வங்கத்திலே ஏறத்தாழ ஓராண்டு ஓடிற்று. சிறுவர் அதன் பாட்டுக்களைத் தெருவெல்லாம் பாடினர். பாட்டனார் தொடங்கி நின்றுபோயிருந்த ‘சந்தேஷ்’ சஞ்சிகையை 1961இலே உயிர்ப்பித்து, அதற்கெனக் கதைகள் எழுதிச் சித்திரமும் வரைந்தார். அவர் படைத்த பெலுதா என்னும் துப்பறிவாளனை அறியாத வங்கச் சிறுவர் இலர். அயலார் கைதட்டலுக்கு ஏங்குபவன் சிறுவர் சஞ்சிகைக்கு அட்டைப்படம் வரைந்துகொண்டிருப்பானா? இன்னொன்று: நர்கிஸ் அம்மையாருக்கு அழியாப் புகழ் தந்த ‘மதர் இந்தியா’வும் கடனிலே மூழ்கிய ஏழைக் குடியானவளின் கதையே. வறுமையைக் காட்டியதன்று, அதனை அலங்கரியாமற் காட்டியதே ராய் செய்த குற்றம் போலும்.

1983இலே இதயநோய் கண்டபின் சில ஆண்டுகள் படம் எடுக்க இயலாதிருந்தார். மீண்டு வந்து மூன்று படங்கள் செய்தார். 1991இல் வந்த ‘ஆகந்துக்’ கடைசிப் படம். பிரான்சு தேசத்து அதிபர் மித்தராந்து 1989இலே கல்கத்தாவுக்கே வந்து தம் நாட்டின் உயர் விருதை அணிவித்தார். 1992 மார்ச்சு மாதத்திலே அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் ஒஸ்கார் விருது அவரைத் தேடி வந்தபோது, கல்கத்தா மருத்துவமனைக் கட்டிலிலே சாய்ந்தபடி அதனைக் கையில் ஏந்தினார். பாரதரத்தினப் பட்டமும் அவ்வாண்டிலேயே கிடைத்தது. ஏப்ரில் 23ஆம் நாள் தமது எழுபதாம் வயதிலே அவர் மறைந்தார்.

அவர் மறைந்த மறு ஆண்டு, 1993இலே, இலண்டனிலே படச்சுருள்கள் வைத்திருந்த தொழிற்சாலை ஒன்று தீப்பற்றியது. அபுவின் முத்தொடரினது மூலச்சுருள்களும் அத்தீயிலே கருகின. எரிந்ததென்று அவற்றை எறிந்துவிடாமல் அமெரிக்கக் கழகத்தின் காப்பகத்தினர் பாதுகாத்து வைத்தனர். ஆண்டுகள் பல சென்றபின் இத்தாலியிலே பொலோனா நகரத்து வினைஞர்கள் சுருங்கி ஒட்டிக்கொண்ட சுருள்களைப் பிரித்து, ஓரங்களைக் கையாலே ஒட்டுப்போட்டு, முற்றாக அழிந்த இடங்களை வேறு பிரதிகளிலிருந்து எடுத்து நிரப்பினர். 2015 மே மாதத்திலே, முதல் அரங்கேற்றம் நிகழ்ந்து அறுபது ஆண்டு நிறைந்த வேளையிலே, நியூயோர்க் நவீன கலை நூதனசாலையிலே அப்படங்கள் மீண்டும் காட்டப்பட்டன. நாணற்பூ வெளி மீண்டும் வெண்மையாகத் தெரிந்தது.